முனை உடைந்த பல், விரிசல் விட்ட பல், பிளந்த பல்: இரண்டரை ஆண்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

எங்கள் வீட்டில் இரண்டரை ஆண்டுக்குள் மூன்று பற்கள் மூன்று விதமாக உடைந்தன. சீடை கடித்ததில் என் கீழ்க் கடைவாய்ப்பல்லில் விரிசல் விழுந்தது. தண்ணீர்ச் செம்பு இடித்து என் மேல் முன்பல்லின் முனை பெயர்ந்தது. அம்மாவின் கடைசிக் கடைவாய்ப்பல் கொட்டைப்பாக்கை மெல்லும்போது இரண்டாகப் பிளந்தது. மூன்றுக்கும் திருச்சி தில்லைநகரில் உள்ள ஒரே பல் மருத்துவமனையில்தான் சிகிச்சை பெற்றோம். ‘பல் உடைந்துவிட்டது’ என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம் என்றாலும் செய்த வைத்தியம் வேறு வேறு. ஒன்றுக்குச் செய்ததை மற்றொன்றுக்குச் செய்திருந்தால் பணமும் போயிருக்கும், பல்லும் போயிருக்கும். ஆகவே இதை மருத்துவமனையைப் பற்றிய மதிப்புரையாக மட்டுமல்லாமல், அங்கே நாங்கள் பெற்றவையும் வேண்டாம் என்று ஒதுக்கியவையுமான சிகிச்சைகளைப் பற்றிய மதிப்புரையாகவும் எழுதுகிறேன். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் பல் மருத்துவன் அல்லன். காசு கொடுத்து வாயைத் திறந்து உட்கார்ந்தவன்.

சீடை விவகாரம் 2022-ஆம் ஆண்டு கிருஷ்ண ஜெயந்தி அன்று நடந்தது. ‘கடக்’ என்று ஒரு சத்தம் கேட்டது; சீடைதான் உடைந்தது என்று விழுங்கிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது பல்லில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாளிலிருந்து வலது பக்கம் எதையாவது மென்றால் ஒரு விசித்திரமான வலி தொடங்கியது. கடிக்கும்போது வலிக்காது, கடித்ததை விடும் அந்த நொடியில் ஊசி ஏறியது போல ஒரு வெட்டு வெட்டி மறைந்துவிடும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசியது. எந்தப் பல் என்று விரலை வைத்துக் காட்ட முடியவில்லை. மூன்று வாரம் இடது பக்கமாகவே மென்று காலம் தள்ளிய பிறகுதான் மருத்துவரைத் தேடிப் போனேன்.

முதலில் போன இடம் இப்போது சிகிச்சை பெறும் இடமன்று. ‘ஆலோசனை இலவசம்’ என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்த ஒரு மருத்துவமனை அது. உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் முழு வாய்க்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். பத்தாவது நிமிடத்தில் வேர் சிகிச்சையும் (பல்லின் உள்நரம்பை எடுத்துவிட்டு அடைப்பது) ஜிர்கோனியா கேப்பும் (பல்லை மூடும் வெண்ணிற உறை) சேர்த்து 21,000 ரூபாய், தவணையிலும் கட்டலாம், இன்றே தொடங்கிவிடலாம் என்றார்கள். விரிசல் எக்ஸ்ரேயில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ‘உள்ளே இருக்கும்’ என்றார் அந்த இளம் மருத்துவர். பிறகு சிறு கேமராவை வாய்க்குள் விட்டு, என் முன்பற்களைத் திரையில் அரை அடி உயரத்துக்குப் பெரிதாக்கி, மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய கோடுகளைக் காட்டி, இவையும் விரிசல்தான், முகப்பில் மெல்லிய பீங்கான் ஓடு ஒட்டும் வெனீர் போட்டுக்கொள்வது நல்லது என்றார். பல்லின் வெளி அடுக்கான எனாமலோடு நின்றுவிடும் இத்தகைய மயிரிழைக் கோடுகள் நடுவயதைத் தாண்டிய பெரும்பாலோருடைய பற்களில் இருப்பவை என்றும், வலியில்லாதபோது அவற்றுக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை என்றும் பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அது தெரியாததால் பயந்துதான் எழுந்து வந்தேன். இலவச ஆலோசனையின் செலவை யாராவது ஒருவர் கட்டத்தானே வேண்டும்!

இரண்டாவது இடத்தில் ஆலோசனைக் கட்டணம் 300 ரூபாய். வேர் சிகிச்சைத் துறையில் பல் மருத்துவ மேற்படிப்பான எம்.டி.எஸ். முடித்த பெண் மருத்துவர் அவர். எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே ஏறக்குறைய அரை மணி நேரம் பல்லோடு செலவிட்டார். குளிரூட்டும் திரவத்தைத் தெளித்த பஞ்சுருண்டையை ஒவ்வொரு பல்லின் மீதும் வைத்து, கூச்சம் எத்தனை நொடி நீடிக்கிறது என்று கேட்டார். சந்தேகத்துக்குரிய பல்லில் கூச்சம் கூர்மையாக வந்தது. பஞ்சை எடுத்த இரண்டு மூன்று நொடியில் போய்விட்டது. பல்லின் நரம்பு எரிச்சலில் இருந்தாலும் மீளக்கூடிய நிலையிலேயே இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். குளிர்ச்சியை எடுத்த பிறகும் வலி நிமிடக்கணக்கில் நின்று விண்விண் என்று தெறித்திருந்தால், இரவில் தானாக வந்து எழுப்பியிருந்தால், கதை வேறாக இருந்திருக்கும். அடுத்து, நுனியில் சிறு பள்ளம் உள்ள ஒரு பிளாஸ்டிக் குச்சியைப் பல்லின் ஒவ்வொரு முகட்டின் மீதும் தனித்தனியாக வைத்துக் கடிக்கச் சொல்லி, விடச் சொன்னார். முதல் மூன்று முகடுகளில் ஒன்றுமில்லை. நாக்குப் பக்கம் பின்னால் உள்ள முகட்டில் வைத்துக் கடித்துவிட்டபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். மூன்று வாரமாக நான் கண்டுபிடிக்க முடியாத இடத்தை ஐந்து ரூபாய்க் குச்சி போன்ற ஒன்று காட்டிக் கொடுத்தது.

கடிக்கும்போது வலிக்காமல் விடும்போது ஏன் வலிக்கிறது என்று கேட்டதற்கு அவர் தந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. எனாமலுக்குக் கீழே உள்ள டென்டின் முழுக்க, கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் நரம்பை நோக்கிச் செல்கின்றன. அவற்றுள் திரவம் இருக்கிறது. கடிக்கும்போது விரிசலின் இரு பக்கமும் மெல்ல விலகுகின்றன. விடும்போது சட்டென்று மூடிக்கொள்கின்றன. அந்தச் சட்டென்ற அசைவில் குழாய்களுக்குள் திரவம் நகர்ந்து நரம்பைத் தட்டுகிறது. எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாததற்கும் காரணம் உண்டு. கடைவாய்ப்பல்லில் விரிசல் பெரும்பாலும் முன்பின்னாக ஓடும். எக்ஸ்ரே கதிர் கன்னத்திலிருந்து நாக்கை நோக்கிக் குறுக்கே செல்லும். மூடிய புத்தகத்தை அட்டைப் பக்கத்திலிருந்து பார்ப்பது போல, பிளவு அதில் விழாது. ஆகவே எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து ‘விரிசல் இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னாலும், ‘விரிசல் இல்லை’ என்று ஒருவர் சொன்னாலும், அடுத்த கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்.

பக்கவாட்டிலிருந்து ஒரு மெல்லிய விளக்கைப் பல்லின் மீது அடித்தபோது பாதிப் பல் ஒளிர்ந்தது. பாதி இருட்டாக நின்றது. ஒளி விரிசலைத் தாண்டாது. கண்ணாடியில் அதை எனக்கும் காட்டினார். கடைசியாக, மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கருவியால் பல்லைச் சுற்றி ஈறின் ஆழத்தை அளந்தார். எங்கும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இல்லை. ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் கருவி குறுகலாகவும் ஆழமாகவும் இறங்கியிருந்தால் விரிசல் வேர்வரை போய்விட்டது என்று பொருள். அப்போது எந்தக் கேப்பும் பல்லைக் காப்பாற்றாது. இந்த அரை மணி நேரத்துக்காகவே நான் இந்த மருத்துவமனைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். உடைந்த பல்லுக்கான சிகிச்சையில் நாம் காசு கொடுக்க வேண்டிய முதல் பொருள் இந்தப் பரிசோதனைதான். அது ரசீதில் தனி வரியாக வருவதே இல்லை.

அந்தப் பல்லில் கல்லூரி நாட்களில் அடைத்த ஒரு வெள்ளி அடைப்பு இருந்தது. வெள்ளி, தகரம், செம்புக் கலவையைப் பாதரசத்தோடு குழைத்து அடைக்கும் இந்தப் பழைய முறை நெடுநாள் உழைக்கக்கூடியதுதான். ஆனால் அது பல்லோடு ஒட்டுவதில்லை, வெட்டிய குழிக்குள் ஆப்புப் போல உட்கார்ந்திருக்கிறது. பெரிய அடைப்பைச் சுற்றி மெலிந்து நிற்கும் பல்சுவர்கள் பல ஆண்டு மென்றதில் தளர்ந்திருந்தன. சீடை கடைசி அடியை மட்டும் அடித்தது. அடைப்பை எடுத்துவிட்டுக் குழியில் நீலச் சாயம் தடவிக் கழுவியபோது, தரையில் பழுப்பேறிய ஒரு கோடு நீலமாக எழுந்து நின்றது. குழியைத் தற்காலிகமாக அடைத்து, பல்லுக்குக் கம்பி கட்டுவோருக்குப் போடும் எஃகு வளையம் ஒன்றைப் பல்லைச் சுற்றி மாட்டி, மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். பீப்பாயின் பலகைகளை இரும்புப் பட்டை பிடித்து வைப்பதைப் போல அது வேலை செய்தது. கடித்ததை விடும்போது வந்த வலி நான்காம் நாளே நின்றுபோனது. 800 ரூபாய்க்குச் செய்த இந்தச் சோதனை, வேர் சிகிச்சை இல்லாமல் கேப் மட்டும் போதும் என்பதை ஓரளவு உறுதிப்படுத்தியது. முழுவதும் அன்று. இப்படிக் கேப் மட்டும் போடப்பட்ட பற்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு அடுத்த சில மாதங்களிலேயே வேர் சிகிச்சை தேவைப்படலாம் என்று முன்கூட்டியே சொல்லி, அதைச் சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். என் பல் மீதி நான்கில் சேர்ந்தது என் அதிர்ஷ்டம்.

இனி கேப். கேப் போடுவது என்றால் பல்லின் மேல் ஒரு தொப்பி வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள்; அதற்கு முன் பல்லைச் சுற்றிலும் செதுக்க வேண்டும். நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் வைர முனை, ஊளையிட்டுக்கொண்டே தண்ணீரைப் பீய்ச்ச, அரை மணி நேரத்தில் என் பல்லை ஒரு சிறு முளையாக ஆக்கியது. மரத்துப்போகும் ஊசி போட்டிருந்ததால் வலி இல்லை. தீய்ந்த நகம் போன்ற வாடை மட்டும் மூக்கில் ஏறியது. வெட்டிய எனாமல் திரும்ப வளராது. உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். எடையில் 96 விழுக்காடு கனிமம். அதில் உயிரணுவே கிடையாது, ஆகவே ஆறுவதும் இல்லை. எந்தச் சிகிச்சையையும் எடைபோட நான் கைக்கொண்ட அளவுகோல் இங்கேதான் பிறந்தது: இது என் பல்லில் எவ்வளவை நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறது?

அந்த அளவுகோலின்படி பார்த்தால், அழகு வேண்டாத கடைவாய்ப்பல்லுக்கு முழு உலோகக் கேப்தான் குறைவாகச் செதுக்கச் சொல்வது. வாயைத் திறந்தால் தெரியும் என்பதால் இப்போது யாரும் கேட்பதில்லை. உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப் விலை குறைவு. ஆனால் இரண்டு அடுக்குக்கும் இடம் வேண்டியிருப்பதால் அதிகம் செதுக்க வேண்டும், மேல் பீங்கான் சில்லுச் சில்லாகப் பெயர்வதும் உண்டு. ஈறு ஏறிப்போனால் விளிம்பில் கறுப்புக் கோடு தெரியும். ஜிர்கோனியா இவற்றுள் வலிமை மிக்க வெண்பொருள். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனிலேயே கடைவாயின் கடியைத் தாங்குகிறது. லித்தியம் டைசிலிகேட் என்னும் கண்ணாடிப் பீங்கான் ஒளி ஊடுருவும் அழகில் அதை மிஞ்சுகிறது, வலிமையில் பின்தங்குகிறது, முன்வாய்க்கு ஏற்றது. விரிசல் ஒரு முகட்டோடு நின்றிருந்தால் முழுக் கேப்புக்குப் பதிலாக முகடுகளை மட்டும் மூடும் ஒட்டுத்துண்டு போதும் என்றும், என் விரிசல் பல்லின் குறுக்கே ஓடுவதால் சுற்றிப் பிடிப்பது நல்லது என்றும் மருத்துவர் சொன்னார். ஜிர்கோனியாவைத் தேர்ந்தெடுத்தேன். அடைப்பை மாற்றிக் கட்டியது, வளையம், தற்காலிகக் கேப், ஜிர்கோனியா என எல்லாம் சேர்த்து 14,300 ரூபாய் ஆனது.

குறைகள் இந்தக் கட்டத்தில்தான் வந்தன. தற்காலிகக் கேப்புக்கு 700 ரூபாய் தனி என்பதை முதல் மதிப்பீட்டில் சொல்லவில்லை; கட்டும்போதுதான் தெரிந்தது. அது மூன்றாம் நாள் பால்கோவாவோடு கழன்று வந்துவிட, ஞாயிற்றுக்கிழமை என்பதால் தொலைபேசியை எடுக்க ஆளில்லை. செதுக்கிய பல்லைக் காற்றுக் கூடத் தீண்ட முடியாமல் ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஒரு வாரத்தில் வரும் என்ற கேப் லேபிலிருந்து பதினைந்தாம் நாள் வந்தது. ஒட்டியபின் அது சற்று உயரமாக இருந்தது. நீலக் கார்பன் தாளைக் கடிக்கச் சொல்லி, அழுத்தமாக நீலம் பதிந்த இடங்களைத் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்தார்கள். இரண்டாவது முறை போன பிறகுதான் பல் என் வாய்க்குச் சொந்தமானது போலிருந்தது. இந்த உயரப் பிரச்சினையைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது; ஊசி மரப்பு போன பிறகு வீட்டில் மென்று பார்த்து, துளி உறுத்தினாலும் மறுநாளே போய் நிற்க வேண்டும். முன்பதிவு செய்துகொண்டு போனாலும் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்தேன் என்பதையும் கணக்கில் சேர்க்கிறேன்.

கேப்போடு பத்தாண்டு உத்தரவாத அட்டை ஒன்றும் கொடுத்தார்கள். அதன் பின்பக்கத்தைப் படித்தால் உத்தரவாதம் கேப்புக்கு மட்டும்தான். உள்ளே இருக்கும் பல்லுக்கு இல்லை. கேப் உடைந்தால் லேப் புதிதாகச் செய்து தரும். ஆனால் உடையக்கூடியது கேப் அன்று. விளிம்பில் சொத்தை புகுந்தால், விரிசல் அடியில் வளர்ந்தால், அட்டை உதவாது. பழையதை வெட்டி எடுக்கும் கட்டணமும் நம்முடையதே. மிக்சிக்கு வாங்கும் உத்தரவாதத்தைப் போல இதை நம்பி, பத்தாண்டு உத்தரவாதத்துக்கும் பதினைந்தாண்டு உத்தரவாதத்துக்கும் நடுவே மூவாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

முன்பல் 2023 பொங்கலன்று உடைந்தது. செம்பை அண்ணாந்து தண்ணீர் குடிக்கும்போது தம்பி மகள் ஓடிவந்து முழங்கையில் மோதினாள். மூலையில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து வாய்க்குள் விழுந்தது. தொட்டியில் துப்பித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். ‘துண்டு இருக்கிறதா?’ என்பதே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. சற்றுப் பெரிய துண்டாக இருந்து, அதைத் தண்ணீரிலோ பாலிலோ போட்டு உலராமல் கொண்டுவந்தால், பல நேரங்களில் அதையே திரும்ப ஒட்டிவிடலாமாம். நிறமும் பளபளப்பும் நம்முடையதாகவே இருக்கும். குழந்தைகள் விழுந்து பல் முழுதாகவே கழன்று வந்தால் இன்னும் அவசரம்: வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, தேய்த்துக் கழுவாமல், பாலில் போட்டு, முடிந்தால் அரை மணிக்குள், போனால் ஒரு மணிக்குள் மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். இது நிலைத்த பல்லுக்குத்தான். பால்பல்லைத் திரும்பப் பொருத்துவதில்லை.

சில்லுக்குச் செய்தது, பல் நிறப் பிசினை ஒட்டி இறுக்கும் கம்போசிட் அடைப்பு. இந்த மூன்றில் என் மனத்தைக் கவர்ந்த வேலை இதுதான். ஊசியே போடவில்லை. முதலில், பல் ஈரமாக இருக்கும்போதே நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். வாயைத் திறந்துவைத்துக் காய்ந்துபோன பல் சில நிமிடங்களில் வெளுத்துக் காட்டுமாம்; அப்போது நிறம் பார்த்தால், மாலையில் பல் தன் நிறத்துக்குத் திரும்பும்போது ஒட்டு மட்டும் சுண்ணாம்பு போலத் தனித்து நிற்கும். பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் தாளை விரித்து எச்சில் படாமல் மறைத்தார். உடைந்த விளிம்பில் பாஸ்பாரிக் அமிலக் கூழை இருபது நொடி வைத்துக் கழுவி உலர்த்தியதும், அந்த இடம் மட்டும் பளபளப்பு மங்கி வெண்மையாயிற்று. அமிலம் எனாமலில் நுண்ணிய குழிகளைப் பறிக்கிறது. அவற்றுக்குள் பிசின் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. உலோகத்தில் வண்ணம் நன்றாக ஒட்டுவதற்குத் தொழிற்சாலைகளில் அமிலம் தடவுவதைக் கவனித்து, 1955-இல் மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் பல்லில் செய்து பார்த்த உத்தி இது. அதற்கு முன் அடைப்பு நிற்க வேண்டுமென்றால் நல்ல பல்லைக் குடைந்து பிடிப்பு உண்டாக்க வேண்டியிருந்தது. என் பல்லில் ஒட்டுப் பிடிக்க ஒரு குழியும் பறிக்கவில்லை. விளிம்பைச் சற்றே சரிவாக்கியதோடு சரி.

பிறகு மாவு போன்ற பொருளை மெல்லிய அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல விளக்கால் இருபது நொடி இறுக்கினார். ஒரே தடவையில் தடிமனாக வைத்தால் நீல ஒளி அடிவரை போகாது. மேலே கல்லாகவும் அடியில் களியாகவும் நின்றுவிடும். மெருகேற்றி முடித்தபோது எந்த மூலை உடைந்தது என்று என் மனைவியால் சொல்ல முடியவில்லை. நாற்பது நிமிடம், 1,600 ரூபாய். பதினான்கு மாதம் கழித்து ஒட்டின் விளிம்பு சிறிது பெயர்ந்தது. காப்பிக் கறையும் ஒரு கோடாக ஏறியிருந்தது. இருபது நிமிடத்தில், 500 ரூபாய்க்கு, அதன் மேலேயே புதிதாகச் சேர்த்து மெருகிட்டுக் கொடுத்தார்கள். பீங்கான் அவ்வளவு எளிதில் கறைபடாது, நெடுநாள் நிற்கும், உண்மை. ஆனால் வழக்கமான வெனீருக்குப் பல்லின் முகப்பில் அரை மில்லிமீட்டர் அளவுக்காவது தேய்த்தெடுக்க வேண்டும். பிறகு வாழ்நாள் முழுக்க வெனீர்காரனாகவே இருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் சில்லுக்கு அது கொசுவை விரட்டப் பந்தலைக் கொளுத்துவது. நிறமும் வடிவமும் முழுவதுமாகக் கெட்ட முன்பற்களுக்கு அது நல்ல சிகிச்சையாக இருக்கலாம். அதை அனுபவித்துச் சொல்ல நான் ஆளில்லை.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, சர்க்கரை நோய் உண்டு, நாற்பது ஆண்டு வெற்றிலைப் பழக்கம். சென்ற ஆண்டு மேல் வரிசையின் கடைசிப் பல்லுக்கு முந்தைய பல்லில் அல்ல, கடைசிப் பல்லிலேயே வலி என்றார்; ஞானப்பல் எப்போதோ எடுத்தாயிற்று. மருத்துவர் மெல்லிய கருவியை நடுவில் வைத்து அசைத்தபோது பல்லின் இரு பாதியும் தனித்தனியே ஆடின. அதற்கு மேல் பரிசோதனை தேவைப்படவில்லை. விரிசல் விட்ட பல்லுக்கும் பிளந்த பல்லுக்கும் உள்ள வேறுபாடு அதுவே: பாதிகள் பிரிந்து ஆடத் தொடங்கிவிட்டால் சேர்த்து ஒட்ட இன்றுவரை பசை இல்லை. மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பரிசோதித்துவிட்டு வரச் சொல்லி, மறுவாரம் பல்லை எடுத்தார். கட்டணம் 2,000 ரூபாய். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருப்பதைச் சொல்லி, கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரங்களையும் விளக்கடித்துப் பார்த்தார். வெண்திட்டு எதுவும் இல்லை.

பல்லை எடுத்ததும் அந்த இடத்தில் என்ன வைப்பது என்று நானே கேட்டேன். டைட்டேனியத் திருகை எலும்பில் பொருத்தும் இம்ப்ளான்ட், 1965-இல் ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் முதல் நோயாளிக்குச் செய்ததிலிருந்து நன்றாகத் தேறிவிட்ட சிகிச்சை. பக்கத்துப் பற்களைத் தொடாது. இரு பக்கப் பற்களைத் தாங்கலாக்கி நடுவே பல் கட்டும் பிரிட்ஜுக்கு, காலியிடத்தின் பின்பக்கமும் தாங்கும் பல் வேண்டும். இங்கே அது இல்லை. இவற்றைச் சொல்லிவிட்டு, ‘கடைசிப் பல்தானேம்மா, மெல்லுவதற்கு முன்னால் உள்ளவை போதும்; ஒன்றும் வைக்க வேண்டாம்’ என்றார் மருத்துவர். முப்பதாயிரம் ரூபாய் வரவைத் தானாக வேண்டாம் என்று சொன்ன ஒருவரை நான் மருத்துவமனைகளில் அடிக்கடி பார்த்ததில்லை. அம்மாவுக்கு மட்டும் வருத்தம். பல் போனதற்கன்று; ஒரு வாரம் வெற்றிலை போடக் கூடாது என்றதற்கு.

செலவைப் பற்றி ஒரு சொல். சாதாரண மருத்துவக் காப்பீட்டில் இவை எதற்கும் பணம் கிடைக்காது. விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தாலொழியப் பல் சிகிச்சையைப் பெரும்பாலான காப்பீடுகள் விலக்கியே வைத்திருக்கின்றன. இந்தத் தொகை கட்ட முடியாதவர்கள் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் பல் பிரிவையும், சென்னையில் உள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும், தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளையும் நாடலாம். கல்லூரிகளில் மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் செய்வதால் ஒரு கேப்புக்கு நான்கைந்து முறை போக வேண்டியிருக்கும். ஆனால் அவசரப்பட்டு முடிக்க அங்கே யாருக்கும் காரணம் இல்லை.

ஜிர்கோனியா போட்டு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது, கூச்சமில்லை, வலியில்லை. முன்பல் ஒட்டின் மீது மட்டும் எனக்கு ஒரு மனக்குறை இருந்தது: பதினான்கு மாதத்தில் பெயர்ந்துவிட்டதே என்று. சென்ற மாதம் பரிசோதனைக்குப் போனபோது அதைச் சொன்னேன். மருத்துவர் ஒட்டின் விளிம்பை விரலால் தடவிவிட்டு, ‘இரவில் போடக் கொடுத்த காப்பைப் போடுகிறீர்களா?’ என்று கேட்டார். தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் எனக்கு இருப்பதைப் பற்களின் தேய்மானத்திலிருந்து முதல் ஆண்டே கண்டுபிடித்து, 3,500 ரூபாய்க்கு அளவெடுத்துச் செய்துகொடுத்த ஒளிபுகும் பிளாஸ்டிக் காப்பு அது. போடுகிறேன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைக் கையில் கொடுத்து, கீழ்த்தாடையை வலப்பக்கம் நகர்த்தச் சொன்னார். கீழ்ப்பல்லின் முனை, மேல்பல்லின் ஒட்டு தேய்ந்து சப்பையான அதே இடத்தில், சாவி பூட்டுக்குள் போவது போலப் போய்ப் பொருந்தியது. காப்பு இரண்டு ஆண்டாக வீட்டு பீரோவில் அதன் நீலப் பெட்டிக்குள் இருக்கிறது. கம்போசிட்டுக்குக் குறைத்து வைத்திருந்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.